ஏழாம் மதகு படித்த பழைய ஏடு

மழை பருவம் தவறாதிருக்க, கரை இற்றுப்போகாதிருக்க, குடிகள் கலங்காதிருக்க.

நீள்கரை நாட்டை ஆளும் பெருங்கோதை மாதேவியாரின் திருவாணைப்படி, அணைமங்கலத்து அரண்மனையிலிருந்து நீர்முறை அமைச்சன் சேந்தன் ஆதன், உப்பும் நெல்லும் ஒருங்கே விளையும் கழிமுக நாட்டின் காவலரும், தம் குடிகளின் பெயரை ஒவ்வொன்றாய் அறிந்தவருமாகிய வேள் எயினன் கோடனார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை இது. நலம் வினவித் தொடங்குவது நம் இரு நாட்டு வழக்கம். எங்கள் அணை நீர் தங்கள் நாணற்பாடி ஊருக்குள் புகுந்து தங்கள் மக்களைக் கொண்டுபோன பின்பு அதைக் கேட்கும் முகம் எங்களுக்கு இல்லாமையால், அவ்வரியை எழுதாமல் விட்டிருக்கிறோம்.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. ஏழாம் மதகை இனி ஒரு சாணுக்கு மேல் திறப்பதில்லை என்று வாக்களித்துவிட்டு முழு மதகையும் திறந்துவிட்டதேன் என்று கேட்டிருந்தீர்கள். ஏட்டை மாற்றிய நல்லினி தப்பி ஓடிவிட்டாள் என்பது நம்பும்படியாக இல்லை என்றும், அவளை ஒளித்துவைக்காமல் பதினைந்து நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும், தவறினால் நம் நாடுகளுக்கிடையே கொள்வினை கொடுப்பினை யாவும் அற்றுப்போகும் என்றும் எழுதியிருந்தீர்கள். தங்கள் கோபத்தில் ஒரு சொல்லும் மிகையில்லை. அது போய்ச் சேர வேண்டிய ஆள்தான் வேறு. அதைச் சொல்லவே இவ்வோலை எழுதப்படுகிறது. சொல்லி முடித்தபின் தாங்களே தீர்ப்பளிக்கலாம்.

எங்கள் பேரணையின் பதினொரு மதகுகளையும் ஆள்வது நீர்ப்பொறி. ஆற்று நீரே அதைச் சுழற்றுகிறது. துளையிட்ட செப்பேடுகள் அதற்கு ஆணையிடுகின்றன. எந்த அளவுக்கு நீர் ஏறினால் எந்த மதகு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அத்துளைகளைத் தடவித்தான் பொறி அறிந்துகொள்ளும். மாதேவியாரின் பாட்டனார் அதை ஓடவிட்டு எண்பத்தாறு ஆண்டுகள் ஆயின. ஒரு நாளும் நின்றதில்லை. நிறுத்தினால் மதகெல்லாம் தாமே மூடிக்கொள்ளும். ஆற்றைப் பற்றிப் பொறி எண்ணிவைத்த கணக்கெல்லாம் அழியும். திரும்பவும் முதலிலிருந்து எண்ணி முடிக்க நாற்பது நாள் பிடிக்கும். அந்த நாற்பது நாளும் நம் இரு நாட்டு வயல்களுக்கும் ஒரு சொட்டு நீர் கிடைக்காது.

ஆகவே முறை மாறும்போதெல்லாம் பொறியை நிறுத்தாமலே ஏட்டை மாற்றுவது எங்கள் வழக்கம். ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுத் தொடங்குமுன் ஐந்து மூச்சு விடும் நேரம் கிடைக்கும். அதற்குள் பழைய ஏட்டை உருவிப் புதியதைச் செருகிவிட வேண்டும். அந்த வேலையைப் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்துவந்தவள் நல்லினி. கை பிசகியதாக ஒரு சொல் அவள்மேல் வந்ததில்லை. மாற்றியபின், ஏட்டைப் படித்து மதகு திறக்கும் அளவை ஒலிக்கும் பொறிச்சாலை மணியை அடித்துப் பார்ப்பார்கள். மணி புதிய ஏட்டின்படி அடித்தால் வேலை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் மட்டும் போகமாட்டாள். மாற்றிய ஏடு எந்த மதகுக்கு உரியதோ அந்த மதகுவரை நடந்துபோய்த் தன் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பொறிச்சாலையில் இதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாதவர் இல்லை. இவ்வோலை வரையும் அமைச்சனும் செய்ததுண்டு.

நாணற்பாடியில் நாற்பது குடும்பங்கள் குடியேறியிருப்பதைத் தாங்கள் தெரிவித்து, மதகைக் குறைத்துத் திறக்கக் கேட்டபோது, மாதேவியார் அன்றே இசைந்தார். புதிய செப்பேடு வெட்டப்பட்டது. நல்லினி அதை ஓட்டத்திலேயே மாற்றினாள். மணி ஒரு சாணுக்கு உரிய அடியை அடித்தது. அமைச்சன் மகிழ்ந்து, மாற்றியாயிற்று என்று தங்களுக்கு ஓலை விடுத்தான்.

நல்லினி வழக்கம்போல ஏழாம் மதகுக்கு நடந்தாள். கட்டிய வரிசையில் ஏழாவது ஆனாலும், அது அணையின் கடைக்கோடியில், அரைக் காதத்துக்கு அப்பால் இருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து ஒவ்வொரு முறையும் ஏட்டைக் கேட்டுவர இயலாதென்று, பொறி முதன்முதலில் ஓடிய நாளிலேயே அவ்வேட்டை ஒரு மர உருளையில் படியெடுத்து மதகறைக்குள் பூட்டியிருந்தார்கள். அந்த மதகின் முறை இதுவரை ஒருதரமும் மாறாததால், இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. பூட்டைத் திறந்து பார்த்தவள், உருளையின் முளைகள் பழைய முறைப்படியே நிற்கக் கண்டாள். பொறிச்சாலையில் இருந்த ஏடு புதியது. மணி படித்ததும் புதியது. மதகு படித்துக்கொண்டிருந்ததோ தன்னிடம் இருந்த பழைய படியை. உருளை சுழலும் அச்சோடு பிணைந்தது. பொறி ஓடிக்கொண்டிருக்கும்வரை அதைக் கழற்ற முடியாது.

அவள் மூச்சிரைக்க அமைச்சனிடம் வந்து இதைச் சொன்னாள். எங்கள் அவையில் துயரப்பட்டவர் சொல்லைத் திருத்தி எழுதுவதில்லை என்பதால் அவள் சொன்னபடியே இங்கு எழுதப்படுகிறது: "மணி புதுசத்தான் படிக்குதுங்க ஐயா. மதகு இன்னும் பழசத்தான் வச்சிக்கிட்டிருக்கு. ஒரே ஒருக்கா நிறுத்திருங்க. எல்லா மதகும் புதுசா ஏட்டப் பாத்துட்டு ஓடட்டும்."

நெல் கதிர் வாங்கும் பருவம் அது. எண்பத்தாறு ஆண்டு நிற்காத பொறியைத் தன் காலத்தில் நிறுத்தினான் என்ற பெயர் வருமே என்று அமைச்சன் அஞ்சினான். அறுவடைவரை பொறுத்திருக்கச் சொன்னான். அப்படியானால் நாணற்பாடி மக்களுக்காவது ஒரு சொல் சொல்லிவிடும்படி அவள் கெஞ்சினாள். கொடுத்த வாக்கு இன்னும் நிறைவேறவில்லை என்று அண்டை நாட்டுக்கு எழுத அமைச்சனுக்கு மனம் வரவில்லை. ஆற்றில் நீர் ஏற இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று கணக்குச் சொல்லி அவளை அனுப்பிவிட்டான். மாதேவியாரிடமும் வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பதில் சொன்ன வேகத்தை நினைத்தால் இன்று உடல் கூசுகிறது.

மழை முந்திக்கொண்டது. அதிலிருந்து இருபத்து மூன்றாம் நாள் நண்பகலில் நீர் எட்டாம் அளவுக்கோட்டைத் தொட்டதுமே நல்லினி பொறிச்சாலையை விட்டு வெளியே ஓடினாள். எங்கே போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. ஏழாம் மதகு திறக்க வேண்டிய பத்தாம் கோட்டுக்கு நீர் வந்தபோது பொறிச்சாலையில் மணி ஒரு சாணுக்குத்தான் அடித்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். தங்கள் ஊரில் நீர் புகுந்த செய்தி மாலையில் வந்தது. நல்லினியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. பழிக்கு அஞ்சி ஓடியிருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். அமைச்சன் அதை மறுக்காமல் தங்களுக்கும் அப்படியே எழுதிவிட்டான். அவள் நின்று சொல்லியதைக் காதால் கேட்டவன் அவன் ஒருவனே. அவன் எழுதிய பொய் இது. ஓடிப்போனவள்மேல் பழி போடுவது அவ்வளவு எளிதாயிருந்தது.

தங்கள் ஓலை வந்தபின் மாதேவியார் தாமே விசாரணைக்கு அமர்ந்தார். ஏழாம் மதகில் சங்கிலிக்கு எண்ணெய் இடும் மாரையன் அன்றுதான் அவைக்கு அழைக்கப்பட்டான். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, யாரும் தன்னைக் கேட்கவில்லை என்றான். அவன் சொன்னது: "மதகு மடமடன்னு மேல ஏறிருச்சு தாயே. அந்தம்மா ஓடியாந்து, எங்கிட்ட இருந்த சம்மட்டியப் புடுங்கிக்கிட்டுச் சங்கிலி முளைய அடிச்சாங்க. வேணாம்மா, சங்கிலி இழுத்துரும்னு கத்துனேன். கீழ புள்ளகுட்டிங்க இருக்குன்னாங்க. மூணாவது அடியில முளை தெறிச்சு மதகு பாதிக்கு மேல எறங்கிருச்சு. சங்கிலி அவங்களையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிருச்சு."

அந்த மதகு பாதிக்கு மேல் இறங்கியதால்தான் நாற்பது குடும்பங்களில் முப்பத்தெட்டு பிழைத்தன என்று நீரளப்போர் சொல்கிறார்கள். இழந்த இரண்டு குடும்பங்களுக்கு இது ஆறுதல் ஆகாது என்பதை அறிவோம்.

அதன்பின் தங்கள் ஓலை அவையில் முழுவதும் மீண்டும் படிக்கப்பட்டது. நல்லினியின் கணவன் அரும்பனும் அங்கே நின்றான். தங்கள் எழுத்தர் இறந்தோர் ஒன்பது பேரின் பெயர்களை எழுதி, அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: கரையொதுங்கிய பெண் ஒருத்தி, எம் ஊரினள் அல்லள், கேட்டு வந்தவர் இல்லை, விரல்களெல்லாம் வெட்டுத் தழும்பு, ஊர் தெரியாமையால் இடுகாட்டு வேலிக்கு வெளியே புதைக்கப்பட்டாள் என்று. அமைச்சன் அவ்வரியை முன்பே இருமுறை படித்திருந்தான். அவன் கண்ணில் அது படவில்லை. அரும்பன் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். "செப்பேட்டு வெளிம்பு அறுத்த வெரலுங்க அது. அவதான், அவதான்" என்று மட்டும் சொன்னான்.

ஆகவே வேள் பெருமானே, தாங்கள் கேட்ட ஏடுமாற்றியை ஒப்படைக்க நாங்கள் மறுக்கவில்லை. தாங்கள் கேட்பதற்கு முன்பே அவள் தங்கள் மண்ணுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

இனி மாதேவியாரின் ஆணை. பொறி இன்று நிறுத்தப்படும். எந்த மதகறையில் பழைய படி இருந்தாலும் அது உடைக்கப்பட்டு, ஒவ்வொரு மதகும் புதிய ஏட்டைப் பார்த்தபின்பே ஓட்டம் தொடங்கும். நாற்பது நாளில் கருகும் தங்கள் பயிருக்கு ஈடாக எம் களஞ்சியம் திறந்திருக்கும். இனி எந்த ஏடு மாறினாலும், கடைக்கோடி மதகைக் கேட்காமல் மாறியது என்று சொல்பவர் நீர்முறைப் பணியில் நீடிக்கலாகாது. சேந்தன் ஆதன் அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலக்கப்படுகிறான்; அவனுக்குரிய தண்டத்தைத் தாங்களே விதிக்கலாம். இவ்வோலையை ஏந்தித் தங்கள் வாயிலில் நிற்பவன் அவனே.

நல்லினியைத் தோண்டி எடுத்துத் தரும்படி அரும்பன் கேட்கவில்லை, மாதேவியாரும் கேட்கவில்லை. இடுகாட்டு வேலியை நான்கு முழம் தள்ளி நட்டு, அவளையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும்படி மட்டும் வேண்டுகிறோம்.

பொறி நின்று, அணைமங்கலத்தில் ஓசை அடங்கியபின், பெருங்கோதை மாதேவியார் தம் கையால் இட்ட முத்திரை.