செம்பூரில் கறுத்துப்போன ஐந்து திரைகள்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. செம்பூருக்குக் கொடுத்த பன்னிரண்டு லேப்டாப்பில் ஐந்து, திரை கறுத்து நிற்கின்றன.

பல் துலக்கும்போதே போன். வைதேகி மேடம். கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்யக் கற்றுக்கொடுக்க செம்பூரில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்திருப்பவர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். விளம்பரப் படக் கம்பெனியில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாக. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தேவசகாயம், அஞ்சு மெஷின் எழுந்துக்க மாட்டேங்கறது. லோகோ வர்றது, அப்புறம் ஒரே இருட்டு. மூலைல ஒரு கோடு மட்டும் கண்ணச் சிமிட்டிண்டு இருக்கு. சனிக்கிழமை கிளாஸ் ஆரம்பம். வெள்ளிக்குள்ள பன்னிரண்டும் ஓடணும். இல்லேன்னா பன்னிரண்டையும் எடுத்துண்டு போயிடுங்கோ."

ஐந்தை அல்ல, பன்னிரண்டையும். நியாயம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

திரும்பி வந்தால் போகுமிடம் ஒன்றுதான், குர்லா சேட். கம்பெனிகள் கழித்துப்போடும் லேப்டாப்பை மொத்தமாக, லாட்டாக எடுத்து, தாராவியில் வைத்து நான் துடைத்து, ரிப்பேர் பார்த்து, புதுசு மாதிரி ஆக்குவேன். விலை மட்டும் அவர் சொல்வார். இத்தனை வருஷமும் அப்படித்தான். அவரைத் தாண்டி நேரே வாடிக்கையாளர் கையில் நான் கொடுத்த முதல் சரக்கு இது. இது திரும்பினால் இனி ஆயுசுக்கும் அவர் வாசலில்தான்.

இர்ஃபானைக் கேட்டேன். என் ரிப்பேர்காரர். வயது நாற்பது, வாயில் எப்போதும் சுபாரிப் பாக்கு.

"அண்ணா, சனிக்கிழமை எல்லாம் டீக் தா." எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம்.

போன சனிக்கிழமை நடந்தது: மேடம் விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போதும் என்றார். சரி. ஆனால் அவருடைய படவேலைக்கு லினக்ஸோடு தானாக வரும் கிராபிக்ஸ் டிரைவர் (திரைக்குப் படம் தரும் கார்டை ஓட்டும் மென்பொருள்) போதாது, கார்டு கம்பெனியின் டிரைவர் வேண்டும் என்றார். இர்ஃபான் ஒரு மெஷினில் அதைப் போட்டார், ஓடியது. அந்த டிஸ்கை அப்படியே மற்றவற்றுக்குக் காப்பி. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. லோகோ வந்ததும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டார். முழுதாக எழுந்ததா என்று பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசி பஸ் அவசரம்.

சாயங்காலம் ஒன்றை எடுத்துவந்து பார்த்தோம். ஸ்கிரீன் கேபிள் மாற்றியாயிற்று. ராம் மெமரியைக் கழற்றி மாட்டியாயிற்று. அதே இருட்டு, அதே கோடு.

"சிப் காலி, அண்ணா. நாளைக்கு ஹீட் அடிச்சுப் பாப்போம்." இர்ஃபான், தன் அரைத் தமிழில்.

வாங்க: குடை (கம்பி போயிற்று), ஸ்டிக்கர் பசை எடுக்கும் திரவம், மனைவி குளோரி முழங்காலுக்குத் தைலம்.

ஜூலை 8, செவ்வாய்

குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் நகரவில்லை. 90 அடி ரோட்டிலிருந்து பஸ். பையில் கறுத்த மெஷின், இர்ஃபான் மடியில் ஹீட் கன். பஸ்ஸில் ஒரு பெரியவர் அதையே முறைத்துக்கொண்டு வந்தார்.

செம்பூரில் மேடமும் முறைத்தார். "இது என்ன, துப்பாக்கி?"

"ஹீட் கன் மேடம். சிப்புக்குச் சூடு காட்டுனா சில நேரம் உசுரு வந்துரும்."

"ஒரே நாள்ல அஞ்சு மெஷினுக்கும் சிப் போயிடுத்தா? என்ன, தொத்து வியாதியா?"

இர்ஃபானுக்குத் தமிழ் பாதி புரியும். இது முழுதாகப் புரிந்தது. ஹீட் கன் பைக்குள் போய்விட்டது.

பிறகு மேடம் அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, இந்தியில் ஒரே கேள்வி. "பெஹ்லே பதாவோ, க்யா பத்லா?" முதலில் சொல், என்ன மாற்றினாய்? யார் தப்பு என்று கேட்கவே இல்லை. இர்ஃபானும் ஒளிக்காமல் சொன்னார். கேபிள், ராம் கதை வரைக்கும். யார் தப்பு என்று கேட்டிருந்தால் பாதிதான் சொல்லியிருப்பார். ஒன்பது வருஷமாக எனக்கு அவர் அப்படிப் பாதிதான் சொல்கிறார். குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

அடுத்து செய்தது அருமை. ஓடுகிற மெஷினிலிருந்து டிஸ்கைக் கழற்றி கறுத்த மெஷினில் போடச் சொன்னார். அப்போதும் கறுப்பு. கறுத்ததின் டிஸ்க் ஓடுகிறதில். ஜம்மென்று எழுந்தது.

"அப்போ டிஸ்க்ல ஒண்ணும் இல்ல. ஒரே சாப்ட்வேர், ஒரு உடம்புல ஓடறது, ஒரு உடம்புல ஓடல."

தராசு சரியா என்று பார்க்க சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைப்போமே, அதேதான். பழைய இரும்பு எடைபோட்டு வாழ்க்கை தொடங்கியவன் நான். என் கடைக்குள் இத்தனை மெஷின் வந்துபோயிருக்கிறது, இதை அதில் செய்யத் தோன்றவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுகிறார். நான் பொறுக்காமல் பவர் பட்டனை அழுத்தப்போனேன்.

"தொடாதீங்கோ. அது என்னமோ சொல்லிண்டு இருக்கலாம்."

மதியம் கரண்ட் போயிற்று. நாளைக்கு வா என்றுவிட்டார்.

குளோரி மீன் குழம்பு வைத்திருந்தாள். தட்டு மாற்றும் கதையைச் சொன்னேன்.

"சரி, சாப்பிடுங்க."

அப்புறம் தொத்து வியாதிக் கதை.

"அந்த மேடம் புராணத்த நிறுத்துதீங்களா, குழம்பு ஆறுது. நான் ஒரு நாளு ஃப்ரிட்ஜ சரி பண்ணுனேனே, அத யார்ட்டயாவது சொன்னீங்களா?"

சொல்லவில்லை. உண்மை.

ஜூலை 9, புதன்

மழை விட்டு புழுக்கம். இர்ஃபானைக் கடையில் விட்டு நான் மட்டும் செம்பூர்.

கறுத்த திரையிலும் உள்ளே மெஷின் உயிரோடுதான் இருக்கிறதாம். மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தினார், வெறும் எழுத்துத் திரை வந்தது. வரிவரியாக ஓடியது. மெஷின் எழும்போது தனக்கு நடந்ததையெல்லாம் எழுதிவைக்குமாம். ஆயிரம் வரி இருக்கும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி கண்ணை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, விரலை வைத்தார்.

"படிங்கோ."

என் இங்கிலீஷ் பில் போடுகிற அளவு. எழுத்துக்கூட்டிப் படித்தேன். விஷயம் இது: இந்த மெஷினில் இருப்பது பழைய கார்டு, இந்தப் புது டிரைவர் அதைக் கவனிக்காது, பழைய டிரைவரைப் போடு.

இத்தனை தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. நாங்கள் துப்பாக்கியோடு போயிருக்கிறோம்.

பன்னிரண்டிலும் அதே மாதிரி பார்த்தார். ஏழில் புது கார்டு, ஐந்தில் பழைய கார்டு. மூடிமேல் சாக்பீஸால் அடையாளம் வைத்தார்.

"எல்லாம் ஒரே மாடல்னு சொன்னேளே?"

"பாக்கதுக்கு ஒண்ணு போலதான மேடம் இருக்கு."

"பாக்கறதுக்கு ஒண்ணு போல இருக்கும்படி பண்ணினது நீங்கதானே?"

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? லாட்டில் வரும்போது ஐந்தில் மஞ்சள் ஸ்டிக்கர், ஏழில் வெள்ளை. அந்தக் கம்பெனி தன் சாமானுக்கு ஒட்டும் நம்பர். இரண்டு தடவையாக வாங்கியிருக்கிறார்கள் என்று அதிலேயே இருந்திருக்கிறது. சரக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை அதைச் சுரண்டுவது. பசை எடுத்து, மேலே ஒரே நிற உறை ஒட்டி, ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி வரிசையாக அடுக்கி போட்டோ எடுப்பேன். அதில் எனக்குப் பெருமையே உண்டு. மறைக்காமல் சொன்னேன்.

மேடம், "சரி. இப்போ தெரிஞ்சுடுத்தே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பழைய டிரைவர் ஏறவில்லை. நெட் கம்பியை மாற்றிப் பார்த்தார், வைஃபை போய் என் போனிலிருந்து நெட் கொடுத்தேன், ஏறவில்லை. பாதி வரை போய்ச் சிவப்பு எழுத்தாக நின்றது. லினக்ஸின் அடிப்படைப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயராம். கெர்னல் புதுசு, டிரைவர் பழசு, இரண்டும் சேரமாட்டேன் என்கின்றன.

"இன்னிக்குப் போறும். தெரியாம குடைஞ்சா ஓடறதும் போயிடும்."

அவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று வாயால் சொன்னார். இதுவரை எந்த ரிப்பேர்காரன் வாயிலும் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. ஆனால் வெள்ளிக்கு இன்னும் இரண்டே நாள்.

ஜூலை 10, வியாழன்

காலையிலேயே சேட் போன். எப்படித்தான் மூக்கு வேர்க்கிறதோ.

"க்யா அண்ணா, சுனா மால் வாபஸ் ஆ ரஹா ஹை?" சரக்கு திரும்புகிறதாமே என்று விசாரிப்பு. கூடவே இளிப்பு. "லே ஆவோ, கொண்டு வா. பாதி ரேட்ல எடுத்துக்கறேன். நம்ம ஆளு நீ."

பாதி ரேட் என்றால் நான் வாங்கினதே வராது. சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் சயான் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

செம்பூர். வாசலிலேயே மேடம். "வாங்கோ, ஒண்ணு எழுந்துடுத்து."

சத்தியமாகக் கண் கலங்கிற்று. மழை என்று துடைத்துக்கொண்டேன்.

செய்தது: கெர்னலை ஒரு படி பழசுக்கு இறக்கியிருக்கிறார். பழைய கெர்னல், பழைய டிரைவர், பழைய கார்டு. மூன்றும் ஒரே வயது, ஒத்துப்போய்விட்டன. அதோடு விடவில்லை. லினக்ஸ் தானாக அப்டேட் ஆகும், அப்போது கெர்னல் மறுபடி புதுசாகும், மறுபடி கறுப்பு. ஆகவே கெர்னல், டிரைவர் இரண்டை மட்டும் அப்டேட் தொடாதபடி பூட்டு. பூட்டியபின் நெட்டை இணைத்து, வேண்டுமென்றே அப்டேட் ஓடவிட்டு, அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, போட்டுக் காண்பித்தார். ரிப்பேர் முடிந்தபின் அதை உடைக்கப் பார்க்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

இர்ஃபானையும் வரச் சொன்னேன். மீதி நாலையும் மேடம் சொல்லச் சொல்ல அவரே செய்தார். கடைசி மெஷினில் மேடம் வாயே திறக்கவில்லை.

"உஸ்தாத் ஹைங் ஆப்" என்றார் இர்ஃபான், நீங்கள்தான் குரு என்று கையை நெஞ்சில் வைத்து.

"உஸ்தாதும் இல்ல ஒண்ணும் இல்ல. லோகோ வந்ததும் அணைக்காதே, அது போறும்."

பன்னிரண்டு திரையும் வெளிச்சமாக ஒரு வரிசையில். போட்டோ எடுத்தேன்.

பிறகு ஒரு கல் விழுந்தது. பழைய கார்டு மெஷினில் பொம்மை வடிக்கலாம், அசைக்கலாம், எல்லாம் சுகம். ஆனால் கடைசியாக முழுப்படமாக்கும் வேலையை அந்தக் கார்டு செய்யாது. இப்போதைய மென்பொருள் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஓட்டிக் காட்டினார். புது கார்டில் டீ குடிப்பதற்குள் முடிந்தது. பழையதில் சாப்பிட்டுக் கை கழுவியும் நகரவில்லை.

"இதுக்கு வைத்தியம் கிடையாது. இது மெஷினோட வயசு."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியப்போவதே இல்லை. விலை குறைக்க இதைப் பெரிசாக்கியும் சொல்லலாம். இருக்கிற அளவுதான் சொன்னார். ஆனால் அவர் கேட்டது பன்னிரண்டு முழு மெஷின். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். எடுப்பாரா, திருப்புவாரா தெரியாது.

சேட் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

குளோரி: "நீங்களே போயி உண்மைய சொல்லி வெலய கொறச்சிக் கேளுங்க. அந்தம்மா சொல்லட்டும்னு நிக்காதீங்க." அவளுக்கும் தொழில் தெரியும். ஃப்ரிட்ஜ் கதையை இன்று இர்ஃபானிடம் சொன்னதையும் சொன்னேன். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வெயில். முதல் வண்டி.

மேடம் வாய் திறக்குமுன் நானே: "மேடம், ஏழு மெஷின் பேசுன வெல, இருபத்திரெண்டாயிரம். அஞ்சு மெஷின் நான் சொன்ன சரக்கு இல்ல. பதினஞ்சாயிரம் குடுங்க. வேண்டாம்னா அஞ்சையும் இப்பவே எடுத்துட்டுப் போறேன், ஏழு ஒங்ககிட்ட இருக்கட்டும்."

"பதினஞ்சு வேண்டாம். பதினேழு."

ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. வாங்குகிறவர் விலையை ஏற்றுகிறார்.

"பதினேழு பெறும் தேவசகாயம், விலை விசாரிச்சுட்டேன். பதினஞ்சுக்குக் குடுத்தா அந்த ரெண்டாயிரத்த அடுத்த தடவ எங்கேயாவது ஒட்டி அனுப்புவேள். எனக்கு அடுத்த வருஷம் இன்னும் மெஷின் வேணும். உங்ககிட்டயே வாங்கணும்னு பாக்கறேன்."

இப்படி யோசிக்கிற வியாபாரியாக இருந்திருந்தால் நான் சீக்கிரமே மேலே வந்திருப்பேன். எனக்கு இந்த யோசனை வர வயது ஐம்பத்து மூன்றாகியும் போதவில்லை. வரப்போகிற ரெண்டாயிரத்தைப் பார்க்கிறேன் நான். அவர் வரப்போகிற வருஷத்தைப் பார்க்கிறார்.

சூடு ஆறுமுன் நான் கேட்டேன். இனி எனக்கு லாட் வந்தால், ஸ்டிக்கர் சுரண்டுமுன் நீங்கள் ஒரு நடை தாராவிக்கு வந்து பார்க்க முடியுமா? இர்ஃபானும் பக்கத்தில் இருந்து பழகிக்கொள்வார்.

"வர்றேன். ஆனா நான் பழசுன்னு சொன்னத நீங்க புதுசுன்னு யாருக்கும் விக்கப்படாது. எனக்கு மட்டும் இல்ல, யாருக்கும்."

யாருக்கும் என்றால் பாதி சரக்கின் விலை இறங்கும். இருந்தும் சரி என்றேன்.

வெளியே வந்து சேட்டுக்கு நானே போன் போட்டேன். சரக்கு திரும்பவில்லை என்றேன். "அச்சா" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

முடிவானது:
புது கார்டு ஏழு, தலைக்கு 22,000. பழைய கார்டு ஐந்து, 17,000.
பில்லில் ஒவ்வொரு மெஷினுக்கும் கார்டு பெயர் எழுதுவது.
ஆறு மாதம் ரிப்பேர் என் செலவு. டிரைவர் பூட்டைத் திறந்து அவர்களே கெடுத்துக்கொண்டால் அவர்கள் செலவு.
லாட் பார்க்க மேடம் கூலி: மெஷினுக்கு 200 கேட்டார். 150 சொன்னேன். என்னைப் பார்த்தார். 200.