லைசென்ஸ் அவள் பேரில்

மார்ச் 4

என் வீட்டுக்காரிக்கு,

வெளிநாட்டில் நான் வாங்கிவந்த துப்பாக்கியைக் கஸ்டம்ஸில் பிடித்துவைத்துவிட்டார்கள். என்னை விட்டுவிட்டார்கள். நீ போனை எடுக்கமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

உனக்குத்தான் வாங்கினேன். கடைக் காகிதங்களோடு சேர்த்து உன்னிடம் கையெழுத்து வாங்கி உன் பழைய ரைஃபிளை விற்றேனே, அதற்கு ஈடு. அன்றைக்கு உன் தம்பி வீட்டுக்குப் போனவள் நீ, இரண்டு வருஷமாகிறது.

படிவத்தில் ‘விளையாட்டுத் துப்பாக்கி’ என்று எழுதினேன். நீ போட்டியில் சுடுவது விளையாட்டுதானே! பெட்டியைத் திறந்த அதிகாரியம்மா, “பொம்மைன்னு எழுதிட்டு இதைக் கொண்டுவந்திருக்கீங்களே சார்!” என்றார். பொய்த் தகவல் கொடுத்ததாக எழுதிக்கொண்டார்கள். லைசென்ஸ்காரி நேரில் வரவேண்டுமாம். பத்து நாளில் வராவிட்டால் பறிமுதல்.

வரி குறையப் பாதி விலைக்கு ஒரு பில் தயாராக வைத்திருக்கிறேன். உள்ளே தெரிந்த ஆளும் இருக்கிறான். நீ வந்து கையெழுத்து மட்டும் போடு.

இன்னமும் உன் புருஷன்

மார்ச் 7

கடைக்காரருக்கு,

‘கையெழுத்து மட்டும் போடு’ என்று நீங்கள் சொல்வது இது இரண்டாம் தடவை. வருகிறேன். பேசுவது நான். அந்தப் பில்லைக் கிழித்துப்போடுங்கள். தெரிந்த ஆள் தெரியாத ஆளாகவே இருக்கட்டும்.

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

லைசென்ஸ்காரி

மார்ச் 12

மகராசி,

நேற்று அந்த ஆபீஸ் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

“உங்க வீட்டுக்காரர் ஏன் பொம்மைன்னு எழுதினார்?” என்று அந்தம்மா கேட்டதற்கு, “நான் சுடறது அவருக்கு எப்பவுமே அப்படித்தான் மேடம். பொய் எழுதலை, நம்பினதை எழுதியிருக்கார்” என்றாய். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் சுருக்கென்றது.

லைசென்ஸ், ரைஃபிள் கிளப் கடிதம், நிஜ பில் என்று ஒவ்வொன்றாக வைத்தாய். கண்ணாடியை மூக்கில் இறக்கி, அவர்கள் எழுதியிருந்த துப்பாக்கி நம்பரில் ஒரு எண் தப்பு என்று காட்டினாய். அந்தம்மா எழுந்து வந்து உனக்கு நாற்காலி போட்டார். முப்பது வருஷ வியாபாரத்தில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை, நானேதான் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னை வீட்டில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கெட்டிக்காரனைத் தேடியிருக்கிறேன், மடையன்.

பஸ் ஏறும்போது நீ சொன்னதற்கெல்லாம் சம்மதம். பேரம் இல்லை. முழு வரியும் அபராதமும் நான் கட்டிவிட்டேன், துப்பாக்கியை உன் பேருக்கு விடுவித்துவிட்டார்கள். துப்பாக்கி அலமாரிக்கு ஒரே சாவி, அது உன்னிடம். ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வருகிறாய். நீ சுடப்போகும் நாளெல்லாம் சமையல் என்னுடையது.