நாரைக் கலத்தின் இடப்பக்கக் கற்கள்

அலை ஓயாத துறையும் உப்பு விளையும் கழியும் உடைய புன்னந்துறை நாட்டைக் காத்துவரும் கோமகள் ஆம்பற்கோதை, மூன்று குன்றும் ஒரு சுனையும் உடைய மூவரைத் தீவின் காவலரும், சொன்ன சொல் தவறாதவரும், எம் மகள் நன்முகையின் கொழுநருமாகிய இளவெயினனார்க்கு எழுதும் ஓலை. தங்கள் சுனை வற்றாதிருக்க. தங்கள் குடிகளின் வலைகள் கிழியாதிருக்க. எம் மகளும் அவள் வயிற்றில் வளரும் உயிரும் நலமே இருக்க.

வளர்பிறை ஐந்தாம் நாள் தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதை அவையில் படிக்கச் செய்யாமல் யாமே தனித்திருந்து படித்தோம். முதற்பேற்றுக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைப்பது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கமே என்றும், ஆயினும் தங்கள் மனைவியைவிட ஒன்பது ஆண்டு மூத்த நாரைக் கலத்தில், எம் துறைவாயிலிலேயே சாய்ந்துபோன கலத்தில், ஏழு மாதச் சூலியை ஏற்ற மனம் ஒப்பவில்லை என்றும், புதுக்கலம் இருந்தால் அனுப்புமாறும் எழுதியிருந்தீர்கள். அவ்வரிகளில் சினம் இல்லை. ஆனால் எழுத்தாணி இரண்டு இடங்களில் ஓலையைக் கிழித்திருந்தது. அஞ்சுகிறவர் கைதான் அவ்வாறு அழுத்தும். அதைக் கண்டபின் தங்கள்மேல் எமக்கிருந்த வருத்தம் அகன்றது.

புதுக்கலங்கள் எம் துறையில் மூன்று நிற்கின்றன. மூன்றும் ஆணியடித்தவை. தங்கள் துறைவாயிலில் நீருக்குள் கிடக்கும் பாறைவரிசையை அவை கடக்கமாட்டா, தட்டினால் பிளக்கும். நாரையோ ஆணி இல்லாத கலம். பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்து, உட்புறம் நார் திணித்து, துளைகளைக் குங்கிலியமும் மீனெண்ணெயும் காய்ச்சிய மெழுக்கால் அடைத்தது. பாறை உரசினால் சற்றே வளைந்து கொடுத்து நழுவிவிடும். வரும் அமாவாசைக்குப் பின் காற்று திரும்பி, நான்கு மாதம் கடல் அடைபட்டுவிடும். குழந்தை பிறப்பது அந்த நான்கு மாதத்திற்குள். ஆகவே நாரையைத் தவிர வேறு வழி எமக்குத் தோன்றவில்லை.

அக்கலத்தை எவ்வாறு செப்பம் செய்தோம் என்பதையும், அது சாய்ந்த காரணத்தையும் மறைக்காமல் எழுதுகிறோம். படித்தபின் முடிவு தங்களுடையது.

ஆண்டுதோறும் நாரையின் தையலைப் பாதி பிரித்துத் தைப்பார்கள். இவ்வாண்டு முழுவதையும் பிரிக்கச் சொன்னோம். பலகைகள் மணலில் வரிசையாகக் கிடந்தபோது கலம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. நாற்பத்தாறு மரத்துண்டுகளே இருந்தன. ஒவ்வொன்றையும் கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்தார்கள். ஐந்து மந்தமாக ஒலித்தன; உள்ளே புழு துளைத்திருந்தது. அவற்றை நீக்கிப் புதிய பலகை வைத்தோம். கயிறு திரிக்கும் மகளிர் பதினால்வர், சாத்தி என்பவளின் தலைமையில், பதினெட்டு நாள் தைத்தார்கள். பின்னர் கலத்தைக் கழியில் இறக்கி, வேண்டுமென்றே நீர் நிரப்பி, மூன்று நாள் மூழ்கடித்து வைத்தார்கள். காய்ந்த பலகை நீர் குடித்துப் பருத்தால்தான் தையல் இறுகுமாம். மூழ்கிக் கிடந்ததைக் கண்டு யாம் நடுங்கினோம். நான்காம் நாள் நீரை இறைத்து, உள்ளே துடைத்து, அடிப்பலகையில் அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள். காலையில் தூவிய சாம்பல் மாலையிலும் உலர்ந்தே கிடந்தது.

பிழை அதன்பின் நேர்ந்தது. அது எம் பிழை.

கலம் நிலையாக நிற்க அதன் அடியில் கற்களை அடுக்குவது தாங்கள் அறிந்ததே. அடுக்கும் நாளில் யாம் துறைக்குச் சென்று எண்ணினோம். இடப்பக்கம் அறுபத்து மூன்று, வலப்பக்கம் ஐம்பத்திரண்டு. இருபத்தொரு ஆண்டாக அக்கலத்தின் சுக்கான் பிடிக்கும் மீகாமன் அந்துவனார், இடப்பக்கம் கல் மிகுவது நாரைக்கு வழக்கம் என்று பணிந்து சொன்னார். காரணம் வினவினோம். காரணம் தாம் அறியார் என்றும், அப்படி அடுக்கினால் ஓடுகிறது என்றும் விடை கூறினார். காரணம் தெரியாத வழக்கத்தின்மேல் மகளை ஏற்றமாட்டோம் என்று சொல்லி, மிகுந்த பதினொரு கல்லையும் இறக்கச் செய்தோம். அவரே முதற்கல்லை எடுத்துக் கொடுத்தார். எம் கண்ணுக்கு அன்று எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது.

மறுநாள் வெள்ளோட்டத்தில், துறைவாயிலைத் தாண்டிய உடனே நாரை வலப்பக்கம் சாய்ந்தது. பாயின் கீழ்முனை நீரை அள்ளிக் கிழிந்தது. அந்துவனார் பாய்க்கயிற்றை வெட்டிவிட்டுக் கலத்தை நிமிர்த்திக் கரை சேர்த்தார். எவர்க்கும் ஊறில்லை. அப்பக்கம் வந்த தங்கள் மீன்படகினர் கண்டு சொன்னது முற்றும் உண்மை.

கரையில் நின்றவர் அனைவரும் எம் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்தார்கள். சாத்தி ஒருத்தியே பேசினாள். அவள் சொல்லைத் திருத்தாமல் எழுதுகிறோம். முதலில் மீகாமனிடம், "இருவத்தொரு வருசம் சுக்கான் புடிச்சீரே, எதுக்கு? காத்துக்குப் பயப்படாத மனுசன், அரசியம்மா கண்ணுக்குப் பயந்து வாய மூடிக்கிட்டீரே!" என்றாள். பிறகு எம்மிடம் திரும்பி, "அம்மா, கல்ல எண்ணாதீங்க. கலம் எப்படி நிக்குதுன்னு பாருங்க. ஒரு தோள் எறங்கின ஆளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே சுமைய ஏத்தினா எப்படி நடப்பான்?" என்றாள்.

அதன்பின்னரே செய்ய வேண்டியதைச் செய்தோம். கலத்தின் இரு முனைக்கும் நூல் கட்டி, நடுவில் நூற்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தோம். அடிமரம் வலப்பக்கமாக இரண்டு விரல் முறுக்கிக்கொண்டிருந்தது. கடல் அடைபட்ட மாதங்களில் நாரையை எப்போதும் வலப்பக்கம் சாய்த்தே மணலில் கிடத்துவார்கள்; இடப்பக்கம் மீன் உலர்த்தும் பந்தல் இருப்பதால் வேறு இடமில்லை. இருபத்தெட்டு ஆண்டு ஒரே பக்கம் படுத்த உடம்பு அப்படி ஆகிவிட்டது. அந்துவனார் வழக்கம் என்றது இதைத்தான். காரணம் இருந்தது, எவரும் குனிந்து பார்க்கவில்லை, எம்மையும் சேர்த்து.

பதினொரு கல்லைத் திருப்பி வைத்தால் போதும் என்று எண்ணினோம். அதுவும் பொருந்தவில்லை. ஐந்து பலகை புதியவை, பாயும் புதிது, பழைய எண்ணிக்கை பழைய கலத்துக்கு உரியது. எத்தனை கல், எங்கே என்று அறிய, கல்லை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் அமாவாசை கடந்துவிடும் என்று அந்துவனார் சொன்னார். அப்போது சாத்தி, கல்லுக்குக் கால் இல்லை, எங்களுக்கு இருக்கிறது என்று கூறி, கயிறு திரிக்கும் மகளிரைக் கலத்தில் ஏற்றினாள். அவர்கள் கற்களுக்குப் பதிலாக அமர்ந்தார்கள். அந்துவனார் கரையிலிருந்து கைகாட்ட, ஒருத்தி இடம் நகர்வாள், ஒருத்தி முன்னே போவாள், ஒருத்தி எழுந்து இன்னொருத்தி மடியில் உட்காருவாள். யார் அதிகப் பாரம் என்பதில் எழுந்த வழக்கு துறை முழுவதும் கேட்டது. ஆறு நாள் இப்படி நடந்தது. கலம் நேராக நின்ற நொடியில் அவரவர் இருந்த இடத்தில் கரிக்கோடு போட்டு, அவரவர் எடைக்குக் கல் வைத்தார்கள்.

ஆறாம் நாள் ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. ஓர் இடம் காலியாக இருந்தது. யாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். எம் நாட்டில் ஆள்பவர் கரை நீங்கலாகாது என்பது முறை. நாற்பத்தோராண்டு கடலருகே வாழ்ந்தும் யாம் ஒரு கலத்திலும் கால் வைத்ததில்லை. கலம் அசைந்ததும் அருகிருந்தவளின் கையை இறுகப் பற்றிக்கொண்டோம். சாத்தி, "அம்மா, இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க. அரசாட்சி மொத்தமும் அந்தப் பக்கம் இழுக்குது" என்றாள். அனைவரும் சிரித்தார்கள். யாமும் சிரித்தோம். அப்போது கலம் நேராக நின்றது.

இப்போது இடப்பக்கம் ஒன்பது கல் மிகுதி. இருமுறை வெள்ளோட்டம் விட்டோம். எதிர்க்காற்றிலும் நாரை நிமிர்ந்தே ஓடியது.

நன்முகைக்காகச் செய்தவை சில. ஆட்டம் மிகக் குறைந்த இடம் பாய்மரத்தடி. அங்கே கயிற்றுக்கட்டில் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். மீனெண்ணெய் நாற்றம் அவளுக்கு ஒவ்வாது என்று எழுதியிருந்தாள். அதனால் அவ்விடத்தில் மட்டும் மெழுக்கின்மேல் சுண்ணாம்பு பூசி, வெட்டிவேர்த் தட்டி கட்டினோம். மாவடு ஒரு சாடி இருக்கிறது. மருத்துவச்சி ஒருத்தி உடன் வருகிறாள்.

இனி எழுதுவதை அரசி எழுதவில்லை, தாய் எழுதுகிறாள். நாட்டு முத்திரையை நான்கு மாதத்துக்கு அமைச்சரிடம் ஒப்புவித்தாயிற்று. முறையை மீறினேன் என்று அவையினர் வருந்தினார்கள். மூத்தோர் இருவர் எழுந்து சென்றார்கள். அவர்கள் வருத்தம் நேரியதே. ஆயினும், நான் ஏறாத கலத்தில் தங்கள் மனைவியை ஏற்றச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

இவ்வோலையைத் தங்கள் கையில் தருபவள் சாத்தி. பாறைவரிசைக்கு வெளியே பாய் இறக்கி நிற்பது நாரை. அதில் நான் இருக்கிறேன். இரண்டு பகல் ஓடி, இன்று தேய்பிறை ஏழாம் நாள் காலை வந்து சேர்ந்தோம். வழியில் மூன்று முறை வாந்தி எடுத்தேன். அது கலத்தின் குற்றமன்று. உள்ளே சாம்பல் தூவி வைத்திருக்கிறேன், உலர்ந்தே இருக்கிறது. தங்கள் இசைவின்றித் துறைக்குள் நுழைவது முறையாகாது என்பதால் இங்கே காத்திருக்கிறேன்.

மருமகன் முன் நின்று மாமி வழக்காடுவது எங்களிடம் இல்லை. எனவே எழுதுகிறேன். தாங்களே வந்து கலத்தைச் சோதியுங்கள். பலகைகளைத் தட்டிப் பாருங்கள். அந்துவனாரிடம் கேளுங்கள், இப்போது அவர் அஞ்சாமல் விடை சொல்கிறார். மனம் ஒப்பினால் மூன்று நாளைக்குள் நன்முகையை என்னோடு அனுப்புங்கள். தாங்களும் உடன் வந்தால் மகிழ்வேன். கட்டிலுக்கு அருகே இன்னொருவர்க்கு இடம் உண்டு. கல்லை மட்டும் சற்று மாற்ற வேண்டும்.

மனம் ஒப்பாவிட்டால் அதில் குற்றம் காணமாட்டேன். நாரையைத் தங்கள் கரையில், இம்முறை இடப்பக்கம் சாய்த்து, கிடத்தச் சொல்லுங்கள். அவள் பேறு காணும் அறையில் எனக்குப் படுக்க ஒரு பாய் போதும். மகள் தாய்வீடு போவது வழக்கம். தாய் மகள்வீடு வந்திருக்கலாகாது என்று எங்கும் எழுதியிருக்கக் கண்டதில்லை.

முத்திரை கைவசம் இல்லாமையால், ஓலைக்கட்டின்மேல் கலத்துக் குங்கிலியத்தை உருக்கி ஊற்றி, என் கட்டைவிரலைப் பதித்திருக்கிறேன். கைரேகையை நன்முகை அறிவாள். சிறுவயதில் காய்ச்சல் கண்ட நாட்களில் அவ்விரலைப் பிடித்துக்கொண்டுதான் உறங்குவாள்.

இதுகாறும் எழுதியவை அனைத்தும் வேண்டுகோள். ஆணை ஒன்றே உண்டு. நாரையைக் கண்டதும் அவள் கரைக்கு ஓடி வர முற்படுவாள். விடாதீர்கள். பாறை வழுக்கும். அவள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நான் நடந்து வருகிறேன்.