பிழை என்று தள்ளிய அளவுகள்

கோரித்தீவு கடலடி நிலையம் – பணிப்பதிவு
பதிபவர்: முனைவர் க. யாழினி, கடற்புல் சூழலியல்

ஜூன் 9, 2059, திங்கள். நாள் 20. காலை 07:10

ஆழம் 11 மீட்டர். வெளிநீர் வெப்பம் 33.8. நீரோட்டம் இல்லை. மேலே காற்றும் இல்லை என்கிறது மிதவை. ஐந்து நாட்களாக அதையேதான் சொல்கிறது. மின்கலம் 91 விழுக்காடு.

நான்காம் சதுரத்தில் புல் எண்ணினேன். சதுர மீட்டருக்கு 1,140 தண்டுகள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் மணலும் செத்த பவளமும்தான் இருந்தன. சூடு தாங்கும்படி மரபணு திருத்தி நாங்கள் உருவாக்கிய ஏழாம் வகை இன்று நாற்பது சதுர கிலோமீட்டர் பரவியிருக்கிறது. இலை நீளம் சராசரி 94 செ.மீ. இயற்கை வகைக்கு இதில் பாதிகூட வராது. கிழக்கே கடற்பசு மேய்ந்த தடம். விலங்கைப் பார்க்கவில்லை, எனவே கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்குப் பிறகு இங்கே தங்க வருபவருக்கு ஒன்று. இருபது நாட்களாக இந்த அழுத்தத்தில் இருக்கிறேன். மேலே போக வேண்டுமானால் முதலில் அழுத்தக் குறைப்பு அறையில் பதினான்கு மணி நேரம் உட்கார வேண்டும். நேரே நீந்தி மேலேறினால் ரத்தத்தில் குமிழி கட்டி, கை கால் விழும். இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

நாள் 20. மாலை 16:30

கரையிலிருந்து அழைப்பு. பேசியவர் நூருல், கரை நிலையப் பொறுப்பாளர்.

“மேடம், பாசி எடுக்குற அக்காமாரு இங்க வந்து உக்காந்திருக்காங்க. நாப்பத்தஞ்சு நாள் ஓய்வு முடியுதுல்ல, வர்ற வியாழக்கிழமை முதல் முங்கு. ஸ்டெல்லாக்கா உங்ககிட்ட பேசணுமாம். ஆரம்பிச்சா விட மாட்டாங்க, இப்பவே சொல்லிட்டேன்.”

ஸ்டெல்லா மேலக்குடாப் பெண்கள் முப்பத்தொரு பேருக்குத் தலைவி. ஐம்பத்தாறு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து மூச்சடக்கி முங்குபவர்.

“டாக்டரம்மா, நல்லா இருக்கியளா? அங்கயே கிடக்கியளே, செதில் மொளைச்சிருச்சா? ஒரு சேதி. உங்க தாழைக்குள்ள முட்டை அழுகுன வாடை வருதுன்னு வலைக்காரப் பயலுக சொன்னாய்ங்க. நானும் வள்ளத்துல போயிப் பாத்தேன். தலைய முக்குனதும் கண்ணு எரியுது. என்னன்னு பாத்துச் சொல்லுங்க. எம் பிள்ளைகளை எறக்கணும்ல.”

தாழை என்பது கடற்புல்லுக்கு அவர்கள் சொல்லும் பெயர். வெயில் காலத்தில் ஒதுங்கும் பாசி அழுகி ஆண்டுதோறும் நாறுவதுதான் என்றேன். நீரில் சல்பைடு வாயு 0.4 என்று கருவி காட்டுகிறது, அபாய எல்லை 3 என்றேன்.

“உங்க மிசினுக்கு மூக்கு இருக்கா டாக்டரம்மா?”

மூக்கைவிடக் கருவி மேல் என்று சொல்லி முடித்தேன். பதிவில் சேர்ப்பது: வாய்மொழித் தகவல். அளவீடு இல்லை.

ஜூன் 10. நாள் 21. காலை 11:20

இரண்டாம், நான்காம் சதுரங்களில் இலைகளின் அடி கண்ணாடிபோல் வெளுத்திருக்கிறது. பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது. வேர்க்கிழங்கு கறுத்து மெத்தென்றிருக்கிறது. வெப்பத் தாக்கம் என்று குறித்தேன். வேறு காரணத்துக்கு ஆதாரம் இல்லை. சல்பைடு 0.4.

வியாழன் பற்றிச் சில விவரங்கள். பெண்கள் முங்கும் பாறை, எங்கள் மிதவைக்குத் தெற்கே நூற்றைம்பது மீட்டர். முதல் முங்கு அன்று யாரும் கைபேசியோ வாக்கிடாக்கியோ கொண்டுவருவதில்லை. எல்லாவற்றையும் கரையில் ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் படகேறுவார்கள். நல்ல இடத்தை ஒருத்தி மட்டும் முன்கூட்டி அறிந்து வளைத்துப் போடக் கூடாது என்பதற்காக அவர்களே வைத்த விதி.

இன்னொன்று, காது வைப்பது. யாரும் குதிக்கும் முன் படகுக்கு ஒருத்தி தலையை நீரில் அமிழ்த்திக் காவல் படகின் இரட்டை எஞ்சின் கேட்கிறதா என்று பார்ப்பாள். பாசி எடுக்கத் தடை என்று முப்பது ஆண்டுகளாகத் துரத்தப்பட்டு, கூடை பறிகொடுத்துப் பழகியவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கடிதத்தின் பேரில் இந்தப் பகுதிக்கு அனுமதி கிடைத்தது. இங்கே காவல் படகு வராது என்று வாக்குக் கொடுத்தேன். அப்படியும் காது வைக்கிறார்கள். கேட்டால், “வாக்கு வேற, காது வேற டாக்டரம்மா” என்று சிரிப்பார் ஸ்டெல்லா.

ஜூன் 11. நாள் 22. மாலை 17:05

காலை முதல் கரைத் தொடர்பில் இரைச்சல். இணைப்புப் பெட்டியைத் திறந்தேன். செம்பு முனைகள் கறுத்திருந்தன. ஈரம் என்று குறித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. கடைசியாகக் கேட்டது:

“மேடம், குரல் விட்டு விட்டு... நாளைக்கு எட்டுப் படகு... ஸ்டெல்லாக்கா கேக்குறாங்க, எறங்கலாம்னு சொல்லி...”

பிறகு இல்லை. தொடர்பு அறுந்தால் இருபத்து நான்கு மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் கரையிலிருந்து ஆள் வருவார்கள். மிதவை அடிக்கடி மக்கர் செய்வதால் நான்தான் அந்த விதியை எழுதினேன்.

தலைவலி. தூக்கமின்மையாக இருக்கும்.

ஜூன் 12, வியாழன். நாள் 23. காலை 06:10

செம்பு முனைகள் மீண்டும் கறுத்திருக்கின்றன. ஈரத்தில் செம்பு பச்சையாகும். இப்படிக் கறுக்க வைப்பது ஒரே ஒரு வாயு, சல்பைடு.

கருவியின் மூல அளவுகளைத் திறந்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கருவி அவ்வப்போது பொய்யாகத் துள்ளியது. எனவே ஒரு வடிகட்டி எழுதினேன்: 3-க்கு மேல் எது வந்தாலும் கருவிப் பிழை, தள்ளிவிடு, மிச்சத்துக்குச் சராசரி எடு. கடந்த நான்கு நாட்களில் அது தள்ளியது 612 அளவுகள். உச்சம் 58. நான் பார்த்துக்கொண்டிருந்த 0.4, தப்பித்தவறி உள்ளே வந்தவற்றின் சராசரி. கரைக்குப் போனதும் அதுதான்.

06:35

சுருக்கமாக. கடற்புல் தன் இலையில் உண்டாகும் ஆக்சிஜனை வேருக்கு அனுப்புகிறது. சேற்றிலிருக்கும் நச்சு வாயுவை வேரண்ட விடாமல் தடுப்பது அந்த ஆக்சிஜன்தான். ஏழாம் வகைக்கு நீண்ட இலையைக் கொடுத்தோம். அந்த நீளத்துக்கு வேர் வரை மூச்சு போகிறதா என்று அளக்கவில்லை. சூடும் அசையாத நீரும் சேர்ந்ததும் வேர் மூச்சுத் திணறியது, வாயு தண்டுக்குள் ஏறியது. செத்த புல் சேற்றுக்குத் தீனியாகி மேலும் வாயு உண்டானது. நாற்பது சதுர கிலோமீட்டர்.

அந்த வாயுவை அழுத்தி வைத்திருப்பது மேலிருக்கும் நீரின் எடை. கடல் வடியும் வற்றம் கூடும்போது எடை குறையும், வாயு மேலே பீறிடும். இந்த மாதத்தின் பெரிய வற்றம் இன்று 10:20-க்கு. பாசி எடுப்பவர்கள் தேடி வருவதும் அந்த வற்றத்தைத்தான்.

நிலையக் காற்றையும் அளந்தேன். பத்து லட்சத்தில் 140 பங்கு. என் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. இந்த வாயு முதலில் மரக்கச் செய்வது மூக்கைத்தான். முகமூடி போட்டுக்கொண்டேன். காற்றுக் குடுவைகள் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

07:15

பதினான்கு மணி நேரம் கிடையாது. ஆபத்தைக் காட்டும் புகைக் குண்டின் பற்றவைப்பு முனையும் கறுத்துவிட்டது, பற்றவில்லை. சீட்டு எழுதி பாட்டில்களை மேலே விடலாம். நீரோட்டம் இல்லாததால் அவை மிதவையருகிலேயே கிடக்கும். எடுக்க வருபவர்கள் புல்லின் மேலேயே வந்து நிற்பார்கள். நேரே மேலேறினால் வாய் திறந்து பேசும் நிலையில் இருப்பேனா என்பது ஐயம். தத்தளிக்கும் ஒரு பெண்ணைக் கண்டால் முப்பத்தொரு பேரும் குதிப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

07:50

நீருக்கடி ஒலிபெருக்கி எண்ணெயில் அடைத்தது, வாயு தொடவில்லை. வேலை செய்கிறது.

என் குரலைப் போட முடியாது. சென்ற ஆண்டு சோதித்தபோது, கிணற்றுக்குள் எருமை கத்துவது போலிருக்கிறது என்றார் ஸ்டெல்லா. சொல் எதுவும் பிடிபடாது. நான் கத்துகிறேன் என்பது மட்டும் பிடிபட்டால் இறங்கி வருவார்கள்.

கையில் இருப்பது ஆய்வுக்காக எடுத்த கப்பல்களின் ஒலிப்பதிவுகள். பதினேழாவது: காவல் படகு, இரட்டை எஞ்சின், நெருங்கி வருகிறது.

அரை மணி நேரமாக அதை இயக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். காட்டிக் கொடுத்தேன் என்றுதான் நினைப்பார்கள். இனி எந்த ஆய்வாளரையும் நம்ப மாட்டார்கள். இதில் யோசிக்க எதுவுமில்லை என்று தெரிந்தும் யோசிக்கிறேன்.

08:56

எட்டு எஞ்சின்கள் வந்து நின்றன. மிதவையின் மேலுள்ள ஒலிவாங்கி தனிக் கம்பியில் இருப்பதால் பிழைத்திருக்கிறது. கேட்க முடியும், பேச முடியாது. கடல் அசையாததால் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது.

“ஏய் ஃபாத்திமா, காது வையிடி.”

“முட்டை நாத்தம் குடலைப் பொரட்டுதுக்கா.”

“உம் புருசன் வேட்டியத் தொவைக்காம விட்டிருப்ப. வையி காதை.”

சிரிப்பு. இயக்கினேன்.

09:03

“ரெட்டை எஞ்சினு! அக்கா, ரெட்டை எஞ்சினு வருது!”

“கூடையத் தூக்கு, கூடையத் தூக்கு!”

“டாக்டரம்மா வாக்குக் குடுத்துச்சே!”

“வாக்காம் வாக்கு. படிச்சவளை நம்புனோம் பாரு, நம்மளச் சொல்லணும். ஓட்டுடி!”

உள்ளபடி பதிகிறேன். எஞ்சின்கள் கிளம்பின. ஒன்று, மூன்று, ஆறு. ஏழு.

09:12

எட்டாவது போகவில்லை.

“படகு எங்கடி? கடலு கண்ணாடியாக் கிடக்கு, ஒரு புள்ளியக் காணோம். சத்தம் கீழேருந்துல வருது.” ஸ்டெல்லாவின் குரல்.

“அப்ப டாக்டரம்மாதான் போடுறாகளா?”

“வெளையாட்டுக்குப் போடுற ஆளா அது? கேட்டதுக்கே பாதி பதில் சொல்லுற பொம்பளை. என்னமோ ஆயிப்போச்சு. மிதவைக்கு விடு. கயிறை எடு.”

ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பயனில்லை. படகில் நான்கு குரல்கள்.

09:20

கிழக்கே முதல் குமிழிகள். மெல்லிய திரை போல எழுகின்றன.

ஆறு பாகம், எங்கள் கணக்கில் பதினோரு மீட்டர், ஸ்டெல்லாவுக்கு ஆழமே இல்லை. நிலையத்தின் அடியில் நீருக்குள் இறங்கும் கீழ்வாசல் திறந்திருக்கிறது. அதன் வழியே உள்ளே தலை நீட்டி ஒரு மூச்சு இழுப்பார். உள்ளே காற்றில் வாயு இப்போது 600 பங்குக்கு மேல். முகமூடி இல்லாதவருக்கு இரண்டு மூன்று மூச்சே போதும்.

மூடியை இழுத்துத் திருகிவிட்டேன்.

09:31

தட்டுகிறார். மூடியின் மேல், கல்லால். மூன்று தட்டு. மூச்சுக்கு மேலே போகிறார். திரும்பி வருகிறார். மூன்று தட்டு.

நான் பதில் கொடுத்தால் நான்கு பேரும் இங்கேயே நிற்பார்கள். அல்லது படகோடு போய் மற்ற ஏழு படகுகளையும் திரும்ப அழைத்து வருவார்கள். பதில் இல்லாவிட்டால் போய்விடக் கூடும்.

விளக்குகளை அணைத்தேன்.

09:40

சன்னலில் முகம். கண்ணாடி போட்ட முகம், இரு பக்கமும் துணி சுற்றிய விரல்கள். மேசைக்கடியில் படுத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அசையவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு நேரம் ஒரு மனிதர் மூச்சடக்க முடியும் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

09:46

“லைட்டு இல்லை. ஆள் அசைவும் இல்லை.” இருமல்.

“அக்கா, கண்ணைத் தொறக்க முடியலை. ரோஸி வாந்தி எடுக்குறா. போயிருவோம்க்கா.”

“இன்னும் ஒரே ஒரு தடவை.”

“அக்கா!”

“ஒரு தடவைடி.”

09:50

மூன்றாம் குடுவையின் முள் சிவப்பில்.

தட்டு. தட்டு. தட்டு. இம்முறை என் தலைக்கு நேரே, சுவரில். சுவருக்கும் என் கைக்கும் ஒரு சாண்.

இடக்கையை இடுப்புக்கடியில் வைத்து அதன் மேல் படுத்திருக்கிறேன்.

இதைப் படிப்பவர் ஸ்டெல்லாக்காவிடம் சொல்லவும். கேட்டது. ஒவ்வொரு தட்டும் கேட்டது. அவர் பிழையாக எதையும் செய்யவில்லை. கண் எரிகிறது என்று அவர் சொன்ன அன்றே அது அளவீடுதான்.

நூருல், மாலையில் படகு எடுக்க வேண்டாம். காற்று வந்து கடல் புரளும் வரை யாரும்

09:58

எஞ்சின்.

தெற்கே. ஒலிவாங்கியில் இருமல் கேட்கிறது, பிறகு அழுகை. யாருடையது என்று தெரியவில்லை. நான்கு குரல். நான்கும் இருக்கின்றன.

10:09

குமிழிச் சத்தம் மட்டும். சன்னல் வெள்ளை. எழுத்து சரியாகத் தெரியவி

எஞ்சின் முழுதாக அடங்கியதா என்று பல நிமிடம் காது வைத்துக் கேட்டேன். அடங்கிவிட்டது.

அதன் பிறகு சுவரில் தட்டினேன். மூன்று