ரமணி போட்ட குறுக்குச் சாலை

பிரிக்பீல்ட்ஸ்
5.5.2025

ரமணிக்கு,

‘அன்புள்ள’ என்று போட மனம் வரவில்லை. வாட்ஸாப்பில் எழுதினால் திட்டிவிடுவேன், அதனால்தான் மின்னஞ்சல்.

நேற்று நீ செய்தது நியாயமா? ஆறு வருடங்களாக ஞாயிறு மதியம் ஆளுக்கொரு வீட்டிலிருந்து கணினியில் கூடி விளையாடுகிறோம். நான் கதை நடத்துகிறேன். நீயும் செந்திலும் மதுமிதாவும் வீரர்களாக வந்து பகடை உருட்டுகிறீர்கள். வரைபடம் எப்போதும் என் கையில். “எங்களுக்கும் வரையக் குடு லா” என்று நீ நச்சரித்ததால் முதல் முறையாக எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்தேன். நீ என்னடாவென்றால், கதையின் கடைசியில் வர வேண்டிய அரக்கன் கோட்டையின் பின்வாசலுக்கே ஒரு குறுக்குச் சாலை போட்டுவிட்டாய்! மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த காட்டையும் சதுப்பையும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பத்தே நிமிடம், தூங்கிக்கொண்டிருந்த அரக்கனை முடித்துவிட்டீர்கள்.

உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இனி யாரும் வரைபடத்தைத் தொட வேண்டாம்.

குமுதா

கிள்ளான்
7.5.2025

அன்புள்ள குமுதா,

நான் ‘அன்புள்ள’ போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

என் வேலை உனக்குத் தெரியும். லோரிகளுக்குப் பாதை போட்டுக் கொடுப்பவள் நான். “அக்கா, பெடரல் ஹைவே ஜேம், வேற வழி சொல்லுங்க” என்று டிரைவர்கள் நாள் முழுக்க உயிரை எடுக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தாலே கை தானாகக் குறுக்கு வழி தேடுகிறது. உன் அரக்கன் மேல் எனக்கென்ன பகை?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆறு வருடமாக நீ போட்ட பாதையில்தான் நடக்கிறோம். நானே ஒரு கோடு போட்டதும்தான் அந்த உலகம் எனக்கும் சொந்தம் என்று தோன்றியது. பூட்டிய வரைபடத்தில் விளையாட எனக்கு இஷ்டமில்லை. இந்த ஞாயிறு வரமாட்டேன்.

ரமணி

பிரிக்பீல்ட்ஸ்
12.5.2025

அன்புள்ள ரமணி,

நேற்று நீ இல்லாமல் நடத்தினேன். சப்பென்று இருந்தது. செந்தில் பாதியில் துணி காயப்போடப் போய்விட்டான். “ரமணி அக்கா எப்ப வருவாங்க?” என்று மதுமிதா மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரக்கன் செத்ததற்காக எனக்குக் கோபமில்லை. உன் சாலையில் நீங்கள் மூவரும் சிரித்த மாதிரி என் காட்டில் ஒரு நாளும் சிரித்ததில்லை. பொறாமையடி, வேறொன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு நீ கதை நடத்து. வரைபடம் முழுக்க உன்னுடையது. நான் வீரர்களோடு வருகிறேன். நீ வராவிட்டால் இந்த விளையாட்டையே மூட்டை கட்டிவிடுவேன். மிரட்டல் என்றே வைத்துக்கொள்.

உன் குமுதா

கிள்ளான்
19.5.2025

என் குமுதா,

உன்னை என்ன செய்தால் தகும்! நேற்றைய ஆட்டத்துக்காக ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட ஓர் ஆற்றைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். எத்தனை வளைவு, எத்தனை முதலை! திருத்தும் உரிமையையும் எல்லோருக்கும் பெருமையாகத் திறந்துவைத்தேன். நீ வந்த ஐந்தாவது நிமிடம் “பாஸ், ஒரு பாலம் போட்டுக்கிறேன் லா” என்று போட்டுவிட்டு, மற்ற இருவரையும் அக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாய். வயிறு எரிந்தது. என் கை நேராகப் பூட்டுகிற பொத்தானுக்குப் போனது.

அப்போதுதான் அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உறைத்தது. இதுவரை நான் மன்னிப்பே கேட்கவில்லை, இல்லையா? இப்போது கேட்கிறேன். மன்னித்துக்கொள்.

பாலத்தை இடிக்கவில்லை, உரிமையையும் எடுக்கவில்லை. வரும் ஞாயிறு என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள். அதற்கு முன்னால் என் முதலைகளை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ, தாயே.

உன் ரமணி