உள்காயத்தை மறைத்தவளுக்கு

இந்த நேரத்தில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலில் எனக்கென்று ஒரு மூச்சு நேரம்கூடக் கிடைப்பதில்லை.

போனில் இடமில்லையாம். அவள் போட்டோக்களே எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டன. பழைய ஆடியோக்களை அழிக்கட்டுமா என்று கேட்டு வரிசையாகக் காட்டியது. எல்லாம் நீ அனுப்பியவை. வேண்டாம் என்று அழுத்தப் போய், கை தவறி ஒன்றைத் தொட்டுவிட்டேன். "ஏய் கேளுடி, நம்ம ஈர்க்குச்சி அவ்ளோ ஒசரத்துலேர்ந்து வுழுந்தானே, சாவல!" என்று சொல்லிச் சிரித்தாய்.

பாகூரிலிருந்து வருவாய் நீ. வில்லியனூரில் பஸ் மாறும்போது நானும் சேர்ந்துகொள்வேன். காலேஜ் வரைக்கும் சீனாதான். போனில் இங்கிலீஷில் படித்த பழைய சீன வாள்சண்டை நாவலை நம் ஊர்ப் பேச்சில் அவிழ்த்துவிடுவாய். சீனப் பெயர்கள் என் மண்டையில் நிற்காது என்று நீயே பட்டப்பெயரும் வைத்தாய். ஒல்லியான நாயகன் ஈர்க்குச்சி. ஆற்றில் மிதந்தவனைத் தன் ஓடத்தில் தூக்கிப் போட்டுக் காப்பாற்றியவள் ஓடக்காரி. மலை உச்சியில் உட்கார்ந்து சீடர்களை வாட்டும் வெள்ளைத்தாடிக் குருவுக்கு, நம் துறைத்தலைவரை நினைத்து, எச்.ஓ.டி. "இன்னாடி, இன்னிக்கு எச்.ஓ.டி. யாருக்கு வெஷம் வெச்சான்?" என்று நான் கேட்டு, முன் சீட்டு அம்மா பதறித் திரும்பியதும் உண்டு.

அந்தக் கதைகளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். கூரை விட்டுக் கூரை பறப்பதையும், விரலால் வர்மத்தில் தட்டி ஆளைச் சிலையாக்குவதையும் சொல்வாய் என்று நினைத்தேன். "அங்க எந்தப் பொண்ணும் வூட்டுக்குப் போவணும்னு மணி பாக்கறதில்லடி," என்றாய். கொஞ்சம் கழித்து, "ஒரு வாய் கஞ்சி ஊத்துனவள எத்தினி வருஷம் ஆனாலும் தேடிக்கினு வருவானுங்க. அதான் எனக்குப் புடிக்கும்," என்றாய். அன்றைக்குத்தான் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது.

ஓர் இடத்தில் மட்டும் நாம் சண்டை போட்டோம். மார்பில் அடி வாங்கிய ஈர்க்குச்சி, உள்ளே காயம், வாய்வரை வந்த ரத்தத்தை விழுங்கிக்கொண்டு ஓடக்காரியிடம் 'ஒண்ணுமில்ல' என்கிறான். "ஏமாத்தறான்," என்றேன். "காப்பாத்தறான்டி, லூசு," என்றாய்.

பாப்பா வயிற்றிலிருந்தபோது டாக்டர் என்னைப் படுத்தே இருக்கச் சொன்னார். வாராவாரம் உன் ஆடியோ வரும், கதை விட்ட இடத்திலிருந்து. "எப்ப வர்ற என்னைப் பாக்க?" என்று நான் பதில் போட்டால், அடுத்த ஆடியோவில், "நீ இன்னா கேப்பன்னு எனக்குத் தெரியும். மூடிக்கினு கதையக் கேளு," என்பாய். என்னை எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாள் என்று பூரித்துப்போவேன்.

பாப்பாவுக்குப் பெயர் வைத்த பிறகு உன் அக்கா வந்தாள். நீ போய் மாதக்கணக்காகிறது என்றாள். ரத்தத்தில் நோயாம். புள்ளத்தாச்சியிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து மறைத்தார்களாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கதையை முன்கூட்டியே பேசி வைத்தது நீ. ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பியது அவள். செத்துப்போனவளிடம் "சாப்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரும் இதில் கூட்டுதான். ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர் உள்ளே வராமல் பின்பக்கக் குழாயிலேயே தலைக்குக் குளித்தார். "வெயிலு, கசகசன்னு இருக்குது," என்றார். உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்திருக்கிறார். படுக்கச் சொல்லியும் கேட்காமல் எழுந்துபோய்த் துண்டு எடுத்துக் கொடுத்தவள் நான்.

என் நல்லதுக்குத்தான் என்கிறார்கள். இருக்கட்டும். இப்போது யார் 'ஒண்ணுமில்ல' என்றாலும் நான் நம்புவதில்லை. ஊசி போட்டதில் பாப்பாவுக்குக் காய்ச்சல். நர்ஸ் "ஒண்ணுமில்லம்மா" என்றார். "சும்மா சொல்லாதீங்க!" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். மற்றவர்களை விடு. நீ எப்படி இதற்குச் சம்மதித்தாய்? உன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதிருப்பேன், அவ்வளவுதானே. அதைக்கூட எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டாய்.

நாவலின் கடைசிப் பாகம் உன் ஆடியோவில் இல்லை. தேடிப் படிக்க எனக்கு மனசில்லை. பாப்பாவைக் குளிப்பாட்டும்போது, உன்மேல் கோபத்தோடுதான், அதே கதையைச் சொல்கிறேன். வாயைத் திறந்தால் உன் பேச்சுதான் வருகிறது. அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றிவிட்டேன். என் ஈர்க்குச்சி ரத்தத்தைத் துப்பிவிட்டு, 'வலிக்குதுடி' என்கிறான்.

கடைசியில் என்னைக் கேட்டாளா என்று உன் அக்காவிடம் விசாரித்தேன். "இல்லடி, யாரையும் கேக்கல. தூங்கிக்கினே போய்ட்டா." உன் அம்மாவோ, "தெனமும் உன்னத்தாம்மா கூப்டுச்சு," என்றார். இரண்டில் ஒன்று என் மனசுக்காகச் சொன்னது. எது என்று தெரியவில்லை. இனி அவர்களைக் கேட்கவும் மாட்டேன்.

என்னைப் பார்க்கணும் என்று இருந்ததா உனக்கு, இல்லையா? கதை வேண்டாம். இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடு.