தப்ரேஸ் மீது நான் கொடுத்த புத்தகத் திருட்டுப் புகாரைத் தள்ளிவிட்டு, என்னை விசாரிக்க வேண்டுதல்

அனுப்புநர்:
சி. ஜானட், வயது 63,
தொலைபேசித் துறை (ஓய்வு),
பனைமரத்தொட்டி, இராயபுரம், சென்னை – 13.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
சட்டம் ஒழுங்குப் பிரிவு,
இராயபுரம், சென்னை – 13.

பொருள்: புத்தகக் கடையில் நாவல்கள் திருடு போனதாக நான் கொடுத்த புகார் தவறானது – சந்தேகிக்கப்பட்ட தப்ரேஸ் என்பவருக்கு இம்மாத இறுதிக்குள் நற்சான்று வழங்கவும், என் மீது உரிய நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 08.04.2025 தேதியிட்ட என் புகார் மனு.

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அம்மா அவர்களுக்கு,

இம்மாதத் தொடக்கத்தில் தங்கள் மேசையில் ஒரு புகாரை வைத்துவிட்டு, பெரிய காரியம் சாதித்தவளைப் போல் வெளியே வந்தவள் நான்தான். அதே கையால் இதையும் எழுதுகிறேன். படிக்கும்போது தங்களுக்கு எரிச்சல் வந்தால் அது நியாயமே.

1. எங்கள் தெரு முனையில் திரு. தேவப்பிரியம் அவர்கள் பழைய புத்தகக் கடையும் வாடகை நூலகமும் நடத்துகிறார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். அவர் கடையின் துப்பறியும் நாவல்களை முழுக்கப் படித்து முடித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். மற்றவர் பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கும் திரு. உச்சிமாகாளி. மார்ச் மாதம் அந்த நாவல்கள் அலமாரியிலிருந்து இரண்டும் மூன்றுமாகக் காணாமல் போகத் தொடங்கின. தேவப்பிரியம் வீட்டில்கூடச் சொல்லாமல் கவலைப்பட்டார். எங்கள் இருவருக்கும், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடம் படித்ததற்கு ஒரு வேலை வந்துவிட்டதே என்று.

2. கைரேகை எடுப்பதற்காக உச்சிமாகாளி அலமாரியில் முகப் பவுடர் தூவினார். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி படிந்து, மறுநாள் பவுடரே தெரியவில்லை. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாடிக்கையாளர்களைப் பின்தொடர்ந்தார். அப்படிப் போனதில், துறைமுக கேட் எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் எங்கள் நாவல்கள் சில கிடப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் கடையில் தினமும் டீ குடிப்பவர் தப்ரேஸ். துறைமுகத்துக்குள் கன்டெய்னர்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டும் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை முடிந்ததும் தேவப்பிரியம் கடைக்கு வந்து, நின்றபடியே படித்துவிட்டு, புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார்.

3. மீட்ட நாவல்களைப் புரட்டியபோது, பக்க ஓரங்களில் சிறு சிறு பள்ளங்கள் பதிந்திருந்தன. பிறை வடிவம். அதைப் பிறை என்று முதலில் சொன்னது உச்சிமாகாளி அல்ல, நான். சொன்ன கணமே எங்கள் மூவருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியது. ஏன் தோன்றியது என்று அன்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. “மேற்படி நபர் தன் மதச் சின்னத்தை அடையாளமாகப் பதித்துச் சென்றுள்ளார்” என்று புகாரில் எழுதியதும் நான்தான். அந்த வரியை எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

4. தங்கள் நிலையத்தில் விசாரித்தபோது, புத்தகங்களை ஒருவர் கொடுத்தார் என்று மட்டும் தப்ரேஸ் சொன்னார். யார் என்று சொல்ல மறுத்தார். நான் குறுக்கே புகுந்து, மறைப்பதே ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்றேன். அவர் என்னைப் பார்த்து, “நான் இன்னா சொன்னாலும் நீங்க எழுதிகினுதானே வந்துகீறீங்க” என்றார். அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

5. ஈஸ்டர் முடிந்து, தேவப்பிரியத்தின் மனைவி ஷெர்லின் ஊரிலிருந்து திரும்பினார். தாயாரின் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்காக ஏப்ரல் முதல் வாரமே போனவர். அங்கே இருக்கும் கவலை போதும் என்று கணவர் திருட்டு விஷயத்தைப் போனில் சொல்லாமல் விட்டிருந்தார். கடைக்குள் வந்து கேட்டதும் ஷெர்லின் திகைத்துப் போய், “களவா? நான்லா எடுத்துக் குடுத்தேன்” என்றார்.

6. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களைக் கத்தோலிக்கர்களான நாங்கள் தவக்காலம் என்போம்; அவர்கள் சபையில் லெந்து நாட்கள் என்பார்கள். அந்த நாட்களில் கொலைக் கதைகளை விற்றுச் சாப்பிடக் கூடாது என்பது ஷெர்லினின் மனக்குறை. கணவர் கேட்கவில்லை. எனவே கணவர் மாலையில் லெந்து கூட்டத்துக்குப் போகும் நேரத்தில், கடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஷெர்லின், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தப்ரேஸிடம் கொடுத்தார். வேலையாட்கள் யாராவது படிக்கட்டும், கடைக்கார அண்ணனிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விற்றால்தான் பாவம், கொடுத்தால் தானம் என்பது அவர் நியாயம். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் தப்ரேஸ் தங்கள் முன் அவர் பெயரைச் சொல்லவில்லை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் முடிந்த கையோடு தொடங்கிய திருட்டு இது. நோன்பு இருந்துகொண்டே துப்பறிந்த எனக்கு அது உறைக்கவில்லை.

7. மீதி இருந்தது பிறை. அன்று மாலை மனம் ஆறாமல் என் ஜெபப் புத்தகத்தை எடுத்தேன். அதை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஆண்டவரின் சிலுவைப் பாடுகளைச் சொல்லும் பக்கங்களின் ஓரத்தில் வரிசையாக அதே பிறைகள். மனம் பதறும் இடம் வந்தால் கட்டைவிரல் நகத்தைத் தாளில் அழுத்துவது என் வழக்கம் என்பது அறுபத்து மூன்று வயதில் எனக்குத் தெரிந்தது. அந்த நாவல்களை எல்லாம் முதலில் வாடகைக்கு எடுத்துப் படித்தவள் நான். என் நகத்தைக் காட்டி இன்னொருவரை மாட்டிவிட்டேன். அதன் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை.

8. இதில் அவசரம் என்னவென்றால், தப்ரேஸின் துறைமுக கேட் பாஸ் இம்மாதம் 30-ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்கக் காவல் துறையின் நற்சான்று வேண்டும். என் புகார் நிலுவையில் இருப்பதால் சான்று நிற்கிறது. சான்று இல்லாதவரை உள்ளே விட முடியாது என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். தப்ரேஸின் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. மனைவி அஜீசாவுக்கு இது எட்டாம் மாதம்.

9. நேற்று அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அஜீசா டீ கொடுத்தார். விசாரணைக்கு அழைத்தபோது தப்ரேஸ் கடையில் பாதியில் வைத்துவிட்டுப் போன நாவலைக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. கோபமாகவும் பேசவில்லை. “கைல பொஸ்தகத்தோட போனா எங்க எட்த்தேன்னு கேப்பாங்கம்மா. வேணாம், வுடுங்க” என்றார். திருடு போனது என்று நான் எழுதிக் கொடுத்த எதுவும் திருடு போகவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்ததற்கு யாரிடம் புகார் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, என் புகாரைத் தள்ளுபடி செய்து 30-ஆம் தேதிக்கு முன் அவருக்கு நற்சான்று வழங்குமாறு கெஞ்சிக் கேட்கிறேன். மதச் சின்னம் என்று நான் எழுதிய வரிக்கு எதிரே, அது என் நகம் என்று பதிவு செய்ய வேண்டுகிறேன். ஷெர்லின், தேவப்பிரியம், உச்சிமாகாளி மூவரும் எழுதிய வாக்குமூலங்கள் இத்துடன் உள்ளன. ஆனால் புகாரை எழுதியவள் நான் மட்டுமே. பொய்ப் புகாருக்கு என்ன தண்டனையோ அதை எனக்கே தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. அன்று தங்கள் நிலையத்தில், வயதானவள் என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். விசாரணை முடியும்வரை தப்ரேஸ் நின்றுகொண்டே இருந்தார். என்னை விசாரிக்கும்போது நிற்க வைத்தே விசாரியுங்கள். அவரை அழைத்துச் சான்றைக் கொடுக்கும்போது, தயவுசெய்து உட்காரச் சொல்லிக் கொடுங்கள்.

இடம்: இராயபுரம்
நாள்: 24.04.2025

தவறிழைத்த மனுதாரர்,
சி. ஜானட்
(ஒப்பம்)